நனோப் பசளையும் நனோ மருந்தும்

2021 ஆம் ஆண்டில், இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த வேளையில், நனோ நைதரசன் என்னும் திரவப் பசளை ஒக்டோபர் மாதம் இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. சிறு போத்தலொன்று ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாகுமாயின் அதை வாங்க விரும்பாத கமக்காரர் இலர். ஆயின் அஃது ஈடாகுமா என்பதே கேள்வி.

மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கின் ஒரு கூறு நனோமீற்றர் எனப்படும். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுடைய கட்டியொன்றைப் பத்து நனோமீற்றர்த் துண்டுகளாக நறுக்கினால், அவற்றின் மேற்பரப்பு முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 24 பேர்ச் நிலமளவு விரியும். பொருளின் எடை மாறவில்லை. நீரையும் வேரையும் உயிரணுவையும் தொடும் பரப்பே பெருகியது. நனோத் துகளின் நன்மையும் தீமையும் இதிலிருந்தே பிறக்கின்றன.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நூற்றுக்கு 4 பங்கு நைதரசனுள்ள அரை லீற்றர்ப் போத்தலில் இருப்பது 20 கிராம் நைதரசன். 50 கிலோகிராம் யூரியா மூடையிலோ 23 கிலோகிராம் உண்டு. துகள் எவ்வளவு நுண்ணியதாயினும் இல்லாத சத்தைப் பயிருக்கு ஊட்டாது. பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகள் செய்த வயற் பரிசோதனையில், வழக்கமான யூரியாவின் ஒரு பகுதிக்குப் பதிலாக நனோ யூரியா தெளித்தபோது நெல் விளைச்சல் நூற்றுக்கு 13 பங்கு குறைந்தது. சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களிலும் மூடையை அடியோடு விட்டுப் போத்தலை நம்புதல் தகாது.

இதனால் நனோ முறை யாவும் பயனற்றதெனக் கொள்ளற்க. இலங்கை விஞ்ஞானிகள் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், கல்சியம் பொசுபேற்று நுண்துகளோடு பிணைக்கப்பட்ட யூரியா மெதுவாகக் கரைந்ததால், பாதியளவு யூரியாவே நெல்லுக்குப் போதியதாயிற்று. அங்கே சத்து குறைவாக வீணானது, மந்திரம் ஒன்றுமில்லை.

யூரியா மண்ணிற் சிதைந்து மறையும். வெள்ளி, நாகம் போன்ற உலோகத் துகள்களின் கதை வேறு. அவை சிதைந்து மறைவதில்லை. வெள்ளித் துகள் நோய்க் கிருமியைக் கொல்வதோடு நில்லாமல், மண்ணில் நைதரசனை மாற்றித் தரும் நல்ல பற்றீரியாக்களையும் தாக்கும். அமெரிக்காவில் 2012 இல் வெளியான ஆய்வொன்றில், சீரியம் ஒட்சைட்டு நனோத் துகள் கலந்த மண்ணில் வளர்ந்த சோயாவின் வேர்முடிச்சுக்கள் நைதரசன் பதித்தல் குறைந்தது. நாக ஒட்சைட்டு இட்ட செடிகளில் நாகம் இலையிலும் விதையிலும் சேர்ந்தது. பயற்றையும் நிலக்கடலையும் இடுவோர் இதனைக் கருதுக.

நீர் தேங்கிய வயற் சேற்றில் வெள்ளி கந்தகத்துடன் கூடி எளிதிற் கரையாத பொருளாகி, அதன் நச்சுத்தன்மை பெரிதும் தணியும். கடற்கரையை அண்டிய மரக்கறித் தோட்டங்களின் மணலில் அக்காப்பு இல்லை. மணலுக்குப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைவு; கிணறோ ஆழமற்றது; குடிப்பதும் அந்நீரே. ஆதலால் தெளிகருவியைக் கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கழுவலாகாது.

நனோ மருந்தைக் கச்சான் காற்று வீசும்போது தெளித்தல் கூடாது. இத்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லவல்லன. மூக்கிற் கட்டிய துணி அவற்றைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் தூசுக் கவசம் அணிக. போத்தலில் “நனோ” என்றிருந்து, உள்ளிருக்கும் பொருளும் அதன் அளவும் குறிக்கப்படாதிருப்பின், வாங்குமுன் உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.