ரயில் தூரமும் ஏரிக்கரையும்: புறநகரில் ஊர் தேடுவோர் பார்க்க வேண்டியவை

வேலை சென்னையில், வீடு மட்டும் வயலும் ஏரியும் தெரிகிற ஊரில் இருக்க வேண்டும். இந்த ஆசையோடு தெற்கே சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, மதுராந்தகம் என்றும், மேற்கே திருவள்ளூர், அரக்கோணம் என்றும் மனை பார்க்கக் கிளம்பும் குடும்பங்கள் ஏராளம். நகரத்து வாடகையும் நெரிசலும் தாங்காதவர்களுக்கு இது நியாயமான ஆசை. ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் "ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம்", "இயற்கை எழில் சூழ்ந்த" என்ற இரண்டும் கிரையப் பத்திரத்தில் இருக்காது. பத்திரம் தருவது மனையை மட்டுமே. பயண நேரத்தையும் ஊரின் இயல்பையும் வாங்குகிறவர்தான் தனியாக விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பயணம். மனை விற்பவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வேன் அனுப்புவார்கள். அன்று ஜி.எஸ்.டி. சாலையில் வேலைநாள் நெரிசல் இருக்காது, பெருங்களத்தூரைச் சட்டென்று தாண்டிவிடலாம். திங்கட்கிழமைக் காலை அப்படி இல்லை. ஆகவே வேலைநாள் ஒன்றில், உங்கள் அலுவலக நேரத்துக்குப் போய்ச் சேரும்படி, அந்த ஊரிலிருந்தே கிளம்பிப் பாருங்கள். சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு சுமார் 60 கிலோமீட்டர். எல்லா நிலையங்களிலும் நிற்கும் மின்ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். செங்கல்பட்டு வரை வண்டிகள் அடிக்கடி உண்டு. செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகம் பக்கமோ, காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் தடத்திலோ குடியேறினால் நிலைமை வேறு. அங்கே வண்டிகள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ரயில் அட்டவணையில் நீங்கள் பார்க்க வேண்டியது முதல் வண்டியை அல்ல, இரவு ஊர் திரும்பும் கடைசி வண்டியை. ஞாயிற்றுக்கிழமைக்குச் சேவை குறைவு என்பதால், வார விடுமுறை இல்லாத வேலையில் இருப்பவர்கள் அந்த அட்டவணையையும் பார்க்க வேண்டும்.

நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் கடைசி மூன்று நான்கு கிலோமீட்டரைத்தான் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஷேர் ஆட்டோ இரவு எத்தனை மணி வரை ஓடும், சாலையில் தெருவிளக்கு உண்டா, கல்லூரி முடிந்து திரும்பும் மகளோ இரவுப்பணி முடிந்து வரும் மனைவியோ தனியாக வர முடியுமா? நிலைய வாசலில் ஆட்டோ ஓட்டுபவரிடமும் டீக்கடையிலும் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும்.

அடுத்து, ஊரின் இயல்பு. மனைக்கு முன்னால் பச்சைப் பசேல் என்று தெரியும் வயல் உங்களுடையது அல்ல. அது நாளை கிடங்காகலாம், ஆலையாகலாம், இன்னொரு மனைப்பிரிவாகவும் ஆகலாம். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022-இல் அரசாணை வந்தது. இன்று கிராமமாக இருப்பது பத்தாண்டில் எப்படி மாறும் என்பதை நிலப் பயன்பாட்டு வரைபடம் ஓரளவு சொல்லிவிடும். ஒவ்வொரு சர்வே எண்ணும் விவசாயம், குடியிருப்பு, தொழிற்சாலை என்று எந்த வகைக்குள் வருகிறது என்பதை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலோ (சி.எம்.டி.ஏ.) நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ (டி.டி.சி.பி.) கேட்டறியலாம். உங்கள் மனைக்கு மட்டும் கேட்டால் போதாது, சுற்றியுள்ள நிலங்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

இதைவிட எளிதாக, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் பார்க்கலாம். மனையின் எண்ணோடு நிறுத்தாமல், அதையொட்டிய எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அ-பதிவேட்டில் ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு என்று பக்கத்து எண் எதற்காவது வகைப்பாடு இருந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள். வெயில் காலத்தில் அந்த ஓடை வெறும் பள்ளமாகத் தெரியும், அதன் மேலேயே மண் கொட்டிச் சாலை போட்டிருப்பார்கள். 2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் தன் பழைய வழியில்தான் வரும். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, ஐப்பசி கார்த்திகையில தண்ணி எதுவரைக்கும் வந்து நிக்கும்?" என்று கேட்டாலே கை நீட்டிக் காட்டிவிடுவார்.

பணம் கொடுக்கும் இடத்தில்தான் ஏமாற்றம் அதிகம். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொன்னால் நம்பாதீர்கள்; மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். பதிவுச் சட்டத்தில் தமிழகம் சேர்த்த 22-ஏ பிரிவின்படி, ஒப்புதல் பெறாத மனைப்பிரிவில் புதிதாக மனையைப் பதிய முடியாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017 விதிகள் வழி செய்தன. மறுவிற்பனையில் அத்தகைய மனை வந்தால் வரன்முறைச் சான்றைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். வரைபடத்தில் பூங்கா, சாலை என்று காட்டியிருப்பவை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டனவா என்பதும் முக்கியம். வில்லங்கச் சான்று போட்டால் அது தெரியும். எழுதிக் கொடுக்காத பூங்கா பின்னர் மனையாக விற்கப்படும் ஆபத்து உண்டு.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைப்பிரிவு போட்டு விற்பவர் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். விளம்பரத்தில் அந்தப் பதிவு எண் இருக்க வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவதை 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 13-ஆவது பிரிவு தடை செய்கிறது. விளம்பரத்தில் பொய் சொல்லி விற்றிருந்தால், 12-ஆவது பிரிவின்படி வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம், இழப்பீடும் கோரலாம். அதனால் நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி, ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள். வழக்கில் உங்கள் பக்கம் பேசப்போவது அவைதான். சாலை, குடிநீர் என்று வசதிகளை உறுதியளித்து விற்ற மனைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் தரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும்.

அவசரமே இல்லை என்றால் ஒரு மழைக்காலம் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள் என்பதே என் யோசனை. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிந்துகொள்ளுங்கள். இந்த மாதங்களில் ரயிலும் புரியும், வெள்ளமும் புரியும், ஊரும் புரியும். அதிகாலை மோட்டார் சத்தமும், மாட்டுச்சாணியும், நெல் காயும் சாலையும், ஆடி மாத ஒலிபெருக்கியும் கிராமத்தோடு வருபவை. குடியேறிய பிறகு அவற்றின் மேல் புகார் எழுதுவது அங்கே தலைமுறையாக உழைத்துப் பிழைப்பவர்களுக்குச் செய்யும் அநீதி.

புகார் எழுத வேண்டிய விஷயங்கள் வேறு உண்டு. குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி நடத்தத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் அனுமதிப்பதில்லை. ஆலைக் கழிவு ஏரியில் கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதலாம். அங்கே தீர்வு இல்லையென்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடலாம். ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால் காலம் கடத்தக் கூடாது. எந்த அனுமதியின் பேரில் வேலை நடக்கிறது என்று தெரியாவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முந்திய வாய்ப்பு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருக்கும் அதில் பேச உரிமை உண்டு. புதிதாகக் குடிவந்தவர்கள் நகரத்து முகவரியிலேயே வாக்கை வைத்துக்கொண்டு இந்த உரிமையை இழந்துவிடுகிறார்கள். வீடு மாறியதும் வாக்காளர் பட்டியலில் பெயரை அந்த ஊருக்கு மாற்றுங்கள். அடுத்த கிராம சபைக்குப் போய் ஏரியின் எல்லையை அளந்து கல் நடும்படி தீர்மானம் கேளுங்கள்.