பெருச்சாளி என்னும் இயந்திரம்

நம் விருத்தாசலத்துப் பீங்கான் சூளை ஆறும் முன் எவரும் உள்ளே நுழையத் துணியார். அனலே எச்சரித்துவிடும். பாதாளச் சாக்கடை அப்படியன்று. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தாலோ மூக்கையே மரத்துப்போகச் செய்யும். நாற்றமில்லையே என்று மேலும் இறங்குபவர் சில நொடிகளில் நினைவிழப்பார்.

2015-இல் கோழிக்கோட்டில் இரு தொழிலாளர் இவ்வாறு நச்சுக் காற்றில் சிக்கினர். காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் அவர்களுடன் மாண்டார். தக்க பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தும் இந்நிலை!

கேரளத்து இளம் பொறியாளர்கள் இதற்கென ஓர் இயந்திர மனிதனைச் செய்தனர். 2018-இல் திருவனந்தபுரத்தில் அது பணிக்கு வந்தது. பெயர் ‘பாண்டிகூட்’, அதாவது பெருச்சாளி. (பொருத்தமான பெயர்தானே!) குழியின் வாயில் ஒரு தாங்கி நிற்க, கைகால்களுடைய பகுதி மட்டும் உள்ளே இறங்கும். கால்களைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மண்ணையும் குப்பையையும் வாளியில் அள்ளும். காமிரா காட்டுவதைத் திரையில் பார்த்தபடி, மேலே நின்றே ஒருவர் அதை இயக்குவார். நச்சு வாயுவை அறியும் கருவியும் அதில் உண்டு.

முன்பு குழியில் இறங்கிய தொழிலாளர்களுக்கே இதனை இயக்கப் பயிற்சி தருகிறார்கள். எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி அதுவே.