சந்தா கேட்டு வருகிறவர்கள்

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக நடந்த கொடுமை என்றுதான் பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அது முழுக் கதை அல்ல. கீழத்தஞ்சை மிராசுதார்கள் அப்போது 'நெல் உற்பத்தியாளர் சங்கம்' ஒன்றை நடத்தி வந்தார்கள். செங்கொடியை இறக்கு, விவசாயச் சங்கத்தை விட்டு விலகு, எங்களோடு சேர் என்பது கூலியாட்களுக்கு அவர்கள் போட்ட உத்தரவு. மறுத்தவர்களுக்கு வேலை இல்லை. வெளியூரிலிருந்து ஆள் இறக்கி அறுப்பை முடித்துக்கொண்டார்கள். எந்தச் சங்கத்தில் இருப்பது என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம் என்று நின்றதற்கும் சேர்த்துத்தான் வெண்மணி அந்த விலையைக் கொடுத்தது.

அந்த விவசாயச் சங்கம் சும்மா வந்ததல்ல. 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி.சீனிவாசராவ் போன்றவர்கள் சேரி சேரியாக நடந்து கட்டியது. சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் பண்ணையாட்களுக்குத் தண்டனையாக இருந்த காலம் அது. அவற்றுக்கு முடிவு கட்டியது சங்கம். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சிதான்.

அதனால்தான், இன்று அதே காவிரி டெல்டாவில் ஒரு தொழிலாளி "சங்கம் என்றாலே சந்தாதானே" என்று சலித்துக்கொள்வதைக் கேட்கும்போது மனசு கனக்கிறது. அந்தச் சலிப்பைத் துரோகம் என்று தள்ளிவிட முடியாது. அதில் நியாயம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவில் இருக்கிறது. சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை. சேரச் சொல்லியோ, சேரக் கூடாது என்றோ தொழிலாளியை ஒரு சங்கம் மிரட்டினால், அது முறையற்ற செயல் என்று தொழில் தகராறுச் சட்டத்தில் 1982-இல் வந்த திருத்தம் சொன்னது. சம்பளத்தில் சந்தா பிடிப்பதற்கும் தொழிலாளியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். 2001-இல் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தியபோது குறைந்தபட்சச் சந்தாவையும் நிர்ணயித்தார்கள்: கிராமப்புறத் தொழிலாளிக்கு வருஷத்துக்கு 1 ரூபாய், அமைப்புசாராத் தொழிலாளிக்கு 3 ரூபாய், மற்றவர்களுக்கு 12 ரூபாய்.

ஆக, கட்டாயம் காகிதத்தில் இல்லை. தேவையின் வழியாக அது உள்ளே வருகிறது. நலவாரியத்தில் பதிவு செய்யப் போகிற கட்டடத் தொழிலாளியோ சுமைப்பணித் தொழிலாளியோ வேலைச் சான்று காட்ட வேண்டும். அதில் கையெழுத்துப் போடக்கூடியவர்களில் பதிவுபெற்ற தொழிற்சங்கமும் ஒன்று. பிள்ளையின் படிப்பு உதவி, மகளின் திருமண உதவி, அறுபது வயதுக்குப் பிறகான ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் வாரியம் தரும் பதிவு அட்டைதான் வாசல். வாசலில் நிற்கிறவர் சந்தா கேட்டால் யாரால் மறுக்க முடியும்? கொடுத்துவிட்டு வருகிறார்கள். அது சேர்ந்ததாக ஆகுமா என்பதுதான் கேள்வி.

வயல் வேலைக்குப் போகிற பெண்களின் நிலை வேறு மாதிரி. நடவும் களையெடுப்பும் முன்போல் இல்லை; அறுப்பை மெஷின் பிடுங்கிக்கொண்டது. குறுவையும் தாளடியும் சேர்த்தாலும் வருஷத்தில் வேலை நாட்கள் சொற்பம். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து மடித்து மெலிந்துபோன பத்து ரூபாய்த் தாளை விரித்து நீட்டுகிறவளுக்கு அது பெரிய காசு. அதற்கு ரசீது உண்டா, போன வருஷம் கொடுத்தது என்ன ஆயிற்று என்று அவள் கேட்டால் அது முழுக்க முழுக்க அவள் உரிமை.

கேட்டு வாங்காமலே சந்தா வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் தாண்டி இலங்கை மலையகத்தைப் பாருங்கள். தஞ்சை, திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள். பல பத்தாண்டுகளாகச் சந்தாவைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்தில் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பிவந்தது. தலைவர் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பக்கம் வந்தாலும் வராவிட்டாலும் பணம் போய்ச் சேர்ந்தது. 2021-இல் நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று சம்பளச் சபை அறிவித்தபோது, கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சந்தா பிடித்துக் கொடுப்பதையும் நிறுத்தின. சங்கத்தைப் பலவீனப்படுத்தவே அப்படிச் செய்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தொழிலாளியின் முகத்தைப் பார்க்காமலே நிரம்பிய பெட்டி எவ்வளவு சுலபமாகக் காலியாகிறது என்பதையும் அது காட்டிவிட்டது.

டெல்டாவின் வயல்கூலிச் சங்கங்களுக்கு அந்த வசதி என்றுமே இருந்ததில்லை. சம்பளச் சீட்டு கிடையாது, பிடித்தம் கிடையாது. தெருவில் இறங்கி, திண்ணையில் உட்கார்ந்து, பேசித்தான் வாங்க வேண்டும். அது அவர்களுடைய பலம் என்றே படுகிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1926-ஆம் வருஷத் தொழிற்சங்கச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் எந்த உறுப்பினரும் பார்க்கலாம் என்றது. சந்தா கட்டிய சாதாரண ஆளே கேட்கலாம்; பொறுப்பில் இருக்க வேண்டியதில்லை. அந்தப் பத்து ரூபாய்க்காரி ஒருநாள் சங்க அலுவலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கேட்க வேண்டும். பெஞ்சில் உட்காரவைத்து, பக்கம் பக்கமாக அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.