சட்டாம்பிள்ளையும் சர்வகலாசாலையும்

வட சென்னையில் வியாசர்பாடியை அடுத்து எம்.கே.பி. நகர் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. பஸ்ஸின் பலகையிலும் கடிதத்தின் மேலுறையிலும் மூன்று ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கிவிட்ட அந்தப் பெயர், மகாகவி பாரதி நகர் என்பதேயாகும். துறைமுகத்திலும், பெரம்பூர் ரயில்வே தொழிற்சாலைகளிலும், எண்ணூர், திருவொற்றியூர் மோட்டார் தொழிற்சாலைகளிலும் உழைத்துத் தேய்ந்த கைகளைக் கொண்டது வட சென்னை. இரும்பை அறுக்கவும் கடையவும் பற்றவைக்கவும் அறிந்த தகப்பனாரின் பிள்ளை, இன்று தானும் ஓர் எஞ்ஜினீயர் ஆக வேண்டுமென்று விரும்புகிறான். அவ்விருப்பம் நியாயமானது, தேசத்துக்கு நன்மை தருவது.

கல்லூரியின் வாசலும் அவனுக்கு ஓரளவு திறந்துவிட்டது. 2010-ஆம் வருஷத்தில் அண்ணா சர்வகலாசாலை, சிவில், மெக்கானிகல் என்னும் இரு பிரிவுகளைத் தமிழிலேயே போதிக்கத் தொடங்கியது. 2021-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு சட்டசபை இயற்றிய சட்டத்தின்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளிகளில் படித்த மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் நூற்றுக்கு 7.5 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இவை போற்றத் தக்க காரியங்களே. ஆனால் வாசலைக் கடந்த மாணவனை உள்ளே கைப்பிடித்து அழைத்துச் செல்பவர் யார்? இக்கேள்வியைப் பற்றி நமது பொதுஜன ஊழியர்கள் போதிய கவனம் செலுத்தவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

எஞ்ஜினீயரிங் கல்லூரியில் முதல் வருஷமே கண்டம். கணிதம், பௌதிகம், ரசாயனம், வரைபடம், கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் பாடம், பட்டறைப் பயிற்சி ஆகிய யாவும் ஒருங்கே வந்து இறங்குகின்றன. பேராசிரியர் மண்டபத்தில் நின்று பலருக்கும் பொதுவாகப் பிரசங்கம் செய்கிறார். மாணவனுக்குச் சந்தேகம் பிரசங்கத்தின்போது தோன்றுவதில்லை. பிற்பாடு தானே கணக்கைப் போட உட்காரும்போதுதான் தோன்றுகிறது. அப்போது பக்கத்தில் நின்று அதைத் தீர்த்துவைக்க ஒருவர் வேண்டும். பெரிய கலாசாலைகளில் அந்த ஒருவர் பெரும்பாலும், எம்.டெக். அல்லது டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே கீழ் வகுப்பினருக்குத் துணை செய்யும் இளைஞரேயாவார். அவரை உதவி உபாத்தியாயர் என்று அழைப்போம். உபகாரச் சம்பளம் பெறும் எம்.டெக். மாணவர், வாரத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் போதனையிலும் ஆராய்ச்சியிலும் துணை செய்யவேண்டும் என்பது அகில இந்தியத் தொழிற்கல்விக் கவுன்ஸிலின் விதி.

இவ்வேற்பாட்டை மேல்நாட்டுச் சரக்கு என்று எவரும் எண்ண வேண்டாம். நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை இருந்தான். முன்னேறிய மாணவன் பின்தங்கியவனுக்கு மணலில் எழுத்தைக் காட்டிக் கொடுப்பது அப்பள்ளிகளின் வழக்கம். 1789-ஆம் வருஷத்தில் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், மணலில் எழுதிப் பழகும் நம் நாட்டுச் சிறுவர்களைக் கண்டு, அம்முறையைத் தம் விடுதியிலும் புகுத்த முற்பட்டார். உபாத்தியாயர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே ஜான் பிரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே கீழ் வகுப்புக்கு எழுத்துக் கற்பித்தார், காரியம் பலித்தது. 1797-ஆம் வருஷத்தில் அவர் இதைப் பற்றி லண்டனில் புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்து முழுவதும் 'மதராஸ் முறை' என்ற பெயரால் அது பரவிற்று. இன்னொரு விசேஷமும் உண்டு. பெல் விடுதியை நடத்திவந்த அதே காலத்தில், 1794-ஆம் வருஷத்தில், மைக்கேல் டாப்பிங் சென்னையில் ஸர்வே பள்ளியைத் தொடங்கினார். அவருடைய முதல் மாணாக்கர்கள் அவ்விடுதிச் சிறுவர்களே. அப்பள்ளியே வளர்ந்து இன்று கிண்டி எஞ்ஜினீயரிங் கல்லூரியாக நிற்கிறது.

ஆயினும் இச்சரித்திரத்தில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. இங்கிலாந்து இம்முறையைக் கைக்கொண்டதற்கு முக்கிய காரணம் அதன் மலிவு. ஓர் உபாத்தியாயரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடக்கலாம் என்று கண்டார்கள். பயிற்சியில்லாத சிறுவர்கள் உருப்போடவைத்தார்களே அன்றி விளங்கவைக்கவில்லை. சில பத்தாண்டுகளுக்குள் அம்முறை மதிப்பிழந்தது. நமது ஊர்ச் சட்டாம்பிள்ளையும் அறிவுக்காக அன்றிப் பிரம்புக்காகவே நினைக்கப்படுகிறான் அல்லவா? பயிற்சியும் மதிப்பும் இல்லாத உதவி உபாத்தியாயர் முறையும் அவ்வாறே சீர்கெடும்.

உதாரணமாக வரைபடப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். நமது நாட்டு நியமப்படி ஒரு பொருளின் முன்தோற்றத்துக்குக் கீழே அதன் மேல்தோற்றத்தை வரையவேண்டும். மேலிருந்து பார்த்ததை ஏன் கீழே வரைவது என்று புது மாணவன் திகைக்கிறான். ஒரு தீப்பெட்டியைச் சுவருக்கு முன்னே பிடித்துக்காட்டினால் போதும். முன்னிருந்து பார்ப்பது பின்னுள்ள சுவரில் பதிகிறது. மேலிருந்து பார்ப்பது கீழுள்ள தரையில் பதிகிறது. பிறகு தரையைக் கீழ்ப்புறமாகத் திருப்பிச் சுவரோடு ஒரே மட்டமாக்கினால், மேல்தோற்றம் தானே கீழே வந்து நிற்கும். ஐந்து நிமிஷமும் ஒரு தீப்பெட்டியும் தாய்மொழியும் இதற்குப் போதும். சொல்வார் இல்லாவிட்டால் மாணவன் கோடுகளை உருப்போடுகிறான், அடுத்த வாரத்துப் பாடம் இடிக்கிறது, பரீட்சையில் தவறுகிறான், தனக்கு மூளை இல்லையென்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறான். பட்டறையிலோ வெல்டிங்கும் தகட்டு வேலையும் மின்கம்பி இணைப்பும் அவன் வீட்டாருக்குப் பழகிய தொழில்கள். அங்கே அவன் முன் நிற்கவேண்டியவன். அவன் அறிந்ததைப் பாடத்தோடு இணைத்துக் காட்டுபவர் இருந்தால், அவன் கூச்சம் நீங்கித் தலைநிமிர்வான். பரீட்சையை இங்கிலீஷில் எழுதுகிறவனுக்கும் சந்தேகம் தமிழில்தான் எழுகிறது என்பதைக் கல்லூரி அதிகாரிகள் உணரவேண்டும்.

கடல் கடந்து பார்ப்போம். நமது தமிழ் இளைஞர்கள் பலர் அமெரிக்க சர்வகலாசாலைகளில் இதே உதவி உபாத்தியாயர் வேலை செய்து, சம்பளமும் கல்விக் கட்டண விலக்கும் பெற்றுப் படிக்கிறார்கள். அங்கே மேல்தோற்றத்தை மேலேயே வரையும் நியமம். அதையும் கற்று அந்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்களை வகுப்புக்கு அனுப்புமுன், அவர்கள் பேசும் இங்கிலீஷ் மாணவர்களுக்கு விளங்குமா என்று பல கலாசாலைகள் சோதித்துப் பார்க்கின்றன. அமெரிக்க மாணவனுக்குத் தனக்கு விளங்கும் பாஷையில் பாடம் கேட்கும் உரிமை உண்டு. எம்.கே.பி. நகர் மாணவனுக்கு அவ்வுரிமை இல்லையா?

ஊதியத்தின் விஷயமும் அற்பமன்று. 2022-ஆம் வருஷம் நவம்பரில் காலிபோர்னியா சர்வகலாசாலையில் உதவி உபாத்தியாயர்களும் ஆராய்ச்சியாளர்களுமாக ஏறக்குறைய 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்து, ஊதிய உயர்வு பெற்றே திரும்பினர். 1918-ஆம் வருஷத்தில் பெரம்பூர் மில் தொழிலாளரைக் கொண்டு வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்த மண்ணுக்கு இது புதிய பாடமன்று. நம் நாட்டில், மத்திய சர்க்கார் கலாசாலைகளின் ஆராய்ச்சி மாணவருக்கு 2023-ஆம் வருஷத்தில் உபகாரச் சம்பளம் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. எம்.டெக். மாணவருக்கோ 12,400 ரூபாய் என்ற தொகை நெடுங்காலம் அசையாமலே நின்றது. கற்பிக்கும் வேலையைத் தண்டனைபோல் கழித்துவிட்டு ஓடுகிறவர்களைக் குறைகூறுமுன், அவ்வேலைக்கு நாம் வைத்திருக்கும் மதிப்பு எவ்வளவென்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இவையே. முதல் வகுப்பெடுக்குமுன் உதவி உபாத்தியாயருக்குக் கற்பிக்கும் முறையில் பயிற்சி அளிக்கவேண்டும். சந்தேகம் தீர்க்கும் சிறு வகுப்புகளில் தமிழுக்குத் தடையற்ற இடம் வேண்டும். நன்றாகக் கற்பிப்பவரின் பணி, பட்டம் பெறும்போதும் உத்தியோகம் பெறும்போதும் கணக்கில் வரவேண்டும். காலியான ஆசிரியர் பதவிகளை நிரப்பாமல் அவ்விடங்களில் மலிவாக இவ்விளைஞர்களை நிறுத்தும் வழக்கம் தலையெடுக்க இடங்கொடுக்கலாகாது.

ஆராய்ச்சிக்குரிய காலம் இதனால் வீணாகுமே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பிறருக்கு விளங்கச் சொல்லத் தெரியாதவன் தானும் விளங்கிக்கொள்ளவில்லை என்பதே அதற்கு விடை. 2018-ஆம் வருஷத்தில் தொடங்கிய பிரதம மந்திரி ஆராய்ச்சி உபகாரத் திட்டத்தில், உபகாரம் பெறுவோர் வாரம் ஒருமுறை அருகிலுள்ள பாலிடெக்னிக்கிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ எஞ்ஜினீயரிங் கல்லூரியிலோ கற்பிக்கவேண்டும் என்ற விதி அமைந்தது. 'அருகில்' என்ற அச்சொல் அடையாற்றோடும் கிண்டியோடும் நின்றுவிடாமல், கூவத்தைத் தாண்டி வட சென்னைக்கும் எட்டவேண்டும். வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. மாலை வேளைகளில் அங்கே இரண்டு அறைகள் கிடைத்தால், எம்.கே.பி. நகரிலிருந்து நாள்தோறும் ரயிலேறித் தொலைவிலுள்ள கல்லூரிகளுக்குப் போய்வரும் முதல் வருஷ மாணவர்கள் கூடுவதற்கு இடமாகும்.

அந்நகருக்குப் பெயர் தந்த மகாகவி, 1904-ஆம் வருஷத்தில் சுதேசமித்திரனில் சேருமுன், மதுரை சேதுபதி உயர்தரப் பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தவர். தற்காலிகம் என்பதால் கற்பிக்கும் தொழில் சிறுமை அடைவதில்லை. ஊழியம் செய்ய முன்வரும் அன்பர்கள், தத்தம் வட்டத்தில் எஞ்ஜினீயரிங் முதல் வருஷத்தில் இடறி நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கட்டும். கலாசாலைத் தலைவர்களிடம் உதவி உபாத்தியாயர்களைக் கேட்டுப் பெறட்டும். இடம் கொடுத்ததோடு நம் கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டால், திறந்த வாசல் வழியாகவே அந்தப் பிள்ளைகள் வெளியேறிவிடுவார்கள்.