உங்களுக்குத் தெரியுமா? – புதுவையில் முகம் மாறும் ஆங்கிலச் சொற்கள்

1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில், நமக்குப் பழகிய ஆங்கிலச் சொற்கள் சில வேறு கதை சொல்லும்.

● கடற்கரையை ஒட்டிய தெருப் பலகைகளில் 'ரூ' (rue) என்று பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சில் அது தெரு. அதே மூன்று எழுத்துக்கு ஆங்கிலத்தில் 'எண்ணி வருந்துதல்' என்று பொருள். எழுத்து ஒன்றானாலும் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

● ஆங்கிலத்தில் வலியைக் குறிக்கும் 'பெயின்' என்ற சொல்லை எழுத்து மாறாமல் பிரெஞ்சில் எழுதினால் ரொட்டி!

● பிரெஞ்சு 'லிப்ரெரி' நம் லைப்ரரி அல்ல, புத்தகக் கடை. நூலகத்துக்கு அங்கே 'பிப்லியோதெக்' என்று பெயர். 1827இல் தொடங்கிய புதுவைப் பொது நூலகத்துக்கு இன்று பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலண்ட் பெயர்.

● கடற்கரைச் சாலையின் 'மேரி' கட்டடத்துக்கும் மாதா மேரிக்கும் தொடர்பில்லை. பிரெஞ்சில் 'மேரி' என்றால் நகராட்சி அலுவலகம். ஆங்கில 'மேய'ரும் பிரெஞ்சு வழி வந்தவர்தான். 2014இல் இடிந்து விழுந்த அந்தக் கட்டடம், பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுந்து 2021இல் திறக்கப்பட்டது.

● கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' ஆனது. 1697இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே இந்தச் சொல் உண்டு. ஆனால் இன்றைய கேட்டமரன், இரண்டு உடல்களை இணைத்த படகு. நம் மீனவர்களின் கட்டுமரமோ மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அதற்குக் குழிந்த உடலே கிடையாது.

● வாசனைத் திரவியப் புட்டிகளில் காணும் 'வெட்டிவர்', நம் வெட்டிவேரேதான். தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குத் தாவிய சொல் இது.

● ஆங்கில அகராதியில் 'துபாஷ்' உண்டு. இரு மொழி அறிந்த இடைத்தரகர் என்று பொருள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸ் காலத்துத் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தது.

● பர்சில் இருக்கும் 'கேஷ்', காசிலிருந்து வந்ததல்ல. பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களே அதன் மூலம். ஆனால் பழைய சில்லறை நாணயம் ஒன்றையும் ஆங்கிலேயர் 'கேஷ்' என்றார்கள். அது மட்டும் நம் காசு.

● பிரெஞ்சுக்காரர் புதுவையில் அடித்த செப்பு நாணயத்தின் பெயர் 'துது'. நம் துட்டுதான் அது. துட்டு என்ற சொல்லே டச்சுக்காரரின் 'டொய்ட்' நாணயத்திலிருந்து தமிழுக்கு வந்தது. துது நாணயத்தின் ஒரு பக்கம் பிரெஞ்சு அரசரின் லில்லி மலர். மறுபக்கம் தமிழில் ஊர்ப் பெயர்.