புறநானூற்றில் இல்லாத பிள்ளை

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள், எங்கள் பிராசீன பாடசாலையிற் பாலபண்டித வகுப்பிற்கு மூதின்முல்லை படிப்பித்துக்கொண்டிருந்தேன். மறக்குடியிற் பிறந்த ஆடவர்க்கேயன்றி மகளிர்க்கும் மறம் உண்டு என்று கூறும் துறை அது. பிறந்த வீட்டானையும் கொண்ட கணவனையும் அடுத்தடுத்த போர்களில் இழந்த ஒருத்தி, எஞ்சியிருந்த ஒரே சிறுவனின் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முப்பது ஆண்டுகளாக அதே பாடல், அதே விளக்கம். மாணாக்கர் பெருமூச்சு விடவேண்டிய இடம் எது என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“ஐயா, ‘இவன் சின்னப் பொடியன்’ எண்டு களத்திலை நிண்டவை அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருந்தால், தாய் என்ன செய்திருப்பாள்?”

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். “பிள்ளை, அதற்குத் துறை இல்லை” என்று சொல்லி அடுத்த பாடலுக்குச் சென்றேன். ஆசிரியன் தப்பிக்கொள்ளும் வழிகளுள் அதுவும் ஒன்று.

அந்த வாரம் முடிவதற்குள் கனடாவிலிருந்து என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு ஒரே மகன், என் மருமகன். பல்கலைக்கழகப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு அந்நாட்டுப் படையிற் சேரப்போகிறேன் என்று அவன் சொன்னபோது, தங்கை மாதக்கணக்காக அழுதாள். அழுது முடித்துச் சம்மதித்தாள். இப்பொழுதும் அழுதாள், ஆனால் காரணம் வேறு.

“அண்ணை, அவனைத் தன்ரை கூட்டத்திலையிருந்து எடுத்துப்போட்டினமாம். முழங்காலுக்குக் கீழை எலும்பிலை வெடிப்பாம். மற்றப் பிள்ளையள் முடிச்சுக்கொண்டு போகப்போகுதுகள். இவன் திரும்ப முதலிலையிருந்து தொடங்கவேணுமாம். கால் மாறாட்டில் வீட்டுக்கு அனுப்பிவிடுவினமாம்.”

சேராதே என்று அழுதவள், சேர்ந்தவன் விலக்கப்பட்டான் என்று அழுகிறாள். இதில் முரண் உண்டு என்று தருக்கம் பேசலாம். தாயிடம் தருக்கம் பேசுதல் பண்டிதர்க்கும் அழகன்று.

பாரஞ்சுமந்து நெடுந்தூரம் நடக்கும் புதிய போர்வீரர்க்கு எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாதல் புதுமையன்று. 1855 ஆம் ஆண்டிலேயே பிரைட்ஹாப்ட் என்னும் பிரஷ்ய நாட்டுப் படை மருத்துவர், நடைப்பயிற்சிக்குப் பின் வீரரின் பாதத்தில் தோன்றும் வீக்கத்தையும் நோவையும் குறித்து எழுதியிருக்கிறார். பழகாத கால், திடீரென மிகுந்த நடை, ஓய்வின்மை: இவை சேர்ந்தால் எலும்பு தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் வேகத்தைத் தேய்வின் வேகம் மிஞ்சிவிடுகிறது. மருந்து ஓய்வுதான். கோழைத்தனத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்புமில்லை. இதனைத் தங்கைக்கு எடுத்துச் சொன்னேன். அவள் கேட்கவில்லை, கேட்கும் நிலையிலும் இல்லை. அவளிடம் வேறொரு கேள்வி இருந்தது.

“இஞ்சை கோயிலுக்கு ஒருத்தர் வாறவர். முந்திப் படையிலை பெரிய உத்தியோகத்திலை இருந்தவராம். அவரைக் கொண்டு ஒரு சொல் சொல்லுவிச்சால், இவனை அந்தக் கூட்டத்தோடையே விடமாட்டினமோ? நீங்கள் என்ன சொல்லுறியள்?”

சிபாரிசு என்னும் சொல்லின் பொருளை எங்கள் நாட்டவர்க்கு உரைகாரர் விளக்கவேண்டியதில்லை. பாடசாலை அனுமதி முதல் இடமாற்றம் வரை அதனாலேயே நடக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். இன்னொரு வேளையாயின் “கேட்டுப் பார்” என்றே சொல்லியிருப்பேன். அன்று என் வாய் அடைத்தது. சிபாரிசு பெற்றுப் படைக்குச் சென்ற ஒரு பிள்ளையின் வரலாறு, ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சொல்ல நான் கேட்டது, நினைவுக்கு வந்தது. அதனை இங்கே சற்று விரித்தே சொல்லவேண்டும்.

ருட்யாட் கிப்ளிங் 1865 இல் பம்பாயிற் பிறந்த ஆங்கிலப் புலவர். காட்டில் ஓநாய்கள் வளர்த்த மௌக்லியின் கதையை எழுதியவர் என்றால் எங்கள் சிறுவர்க்கும் தெரியும். 1907 இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்றார். பேரரசின் பெருமையையும் போர்வீரனின் கடமையையும் பாடிப் புகழ்பெற்றவர். அந்தப் பேரரசுக் கொள்கை எமக்கு உவப்பானதன்று. அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்த பெண் 1899 இல் ஆறு வயதில் இறந்தாள். ஒரே மகன் ஜோன்.

ஜோனுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. கடற்படை அவனுக்கு எட்டாததாயிற்று. 1914 இல் முதலாம் உலகப்போர் மூண்டபோது அவனுக்கு வயது 16. தரைப்படைக்கு முயன்றான், கண்ணைப் பரிசோதித்தவர்கள் தகுதியில்லை என்றார்கள். ஆக, என் மாணவி கேட்ட கேள்வி அந்த வீட்டில் உண்மையிலேயே எழுந்துவிட்டது: அனுப்பிய பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரையெல்லாம் போருக்கு அழைத்த புலவரின் மகன் வீட்டில் இருக்கிறான்.

தந்தை என்ன செய்தார்? தம் பழைய நண்பரும் படைத்தலைவருமாகிய றொபேர்ட்ஸ் பிரபுவை அணுகினார். ஐரிஷ் காவற்படைக்குக் கௌரவத் தலைவர் அவர். அவர் சொல்லால் அந்தப் படையில் ஜோனுக்கு அதிகாரிப் பதவி கிடைத்தது. இந்த றொபேர்ட்ஸின் மகனும் 1899 டிசம்பரில், தென்னாபிரிக்காவில் கொலென்சோ என்னும் இடத்துப் போரிற் காயமுற்று மாண்டவன். மகனை இழந்த ஒரு தந்தை, இன்னொரு தந்தைக்கு வாயிலைத் திறந்துவிட்டார். இருவரும் நல்ல நோக்கத்தோடுதான் செய்தனர். அதுதான் என்னை உறுத்துவது.

1915 ஓகஸ்டில், 18 வயது நிறையும் வேளையில், ஜோன் பிரான்சுக்குச் சென்றான். ஆறு வாரங்கூடக் கழியவில்லை. செப்டெம்பர் 27 ஆம் நாள் லூஸ் போர்க்களத்திற் காணாமற்போனான். காயமுற்றான், காணப்படவில்லை என்ற செய்தி ஒக்டோபர் தொடக்கத்தில் வீட்டை அடைந்தது.

வெற்றி என்றாலும் ஒரு துறை உண்டு. சாவு என்றாலும் ஒரு துறை உண்டு. இது இரண்டுமன்று. கிப்ளிங்கும் மனைவி கரோலைனும் மருத்துவமனைகளில் ஐரிஷ் படையினரைத் தேடிச்சென்று, மகனைக் கடைசியாகக் கண்டவர் எவர் என்று கேட்டுத் திரிந்தனர். சிறைப்பட்டிருக்கலாம் என்று நடுநிலை நாடுகளின் வாயிலாக விசாரித்தனர். ரைடர் ஹாகாட் என்னும் நாவலாசிரியர் அவருடைய நெருங்கிய நண்பர், அவரும் தேடினார். முகத்திற் குண்டுபட்டு, வாயைக் கட்ட முயன்று, நோவினால் அழுதுகொண்டிருந்த ஜோனைக் கண்டதாக ஒரு வீரன் கூறிய செய்தி அவருக்கு எட்டியது. ஹாகாட் அதனைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார், தந்தைக்குச் சொல்லவில்லை. நண்பனிடம் உண்மையை மறைக்கலாமா என்று அறநூல் வல்லார் வாதிடட்டும். அவர் வாய் திறவாததை நான் மதிக்கிறேன்.

புறநானூற்றிலே காவற்பெண்டு பாடிய பாடல் ஒன்று உண்டு. உன் மகன் எங்கே என்று அயலாள் கேட்க, எங்கிருக்கிறானோ தனக்குத் தெரியாது என்கிறாள் தாய். போர்க்களத்திற் பார் என்பது குறிப்பு. வீரப் பெருமிதம் ததும்பும் ‘தெரியாது’ அது. கிப்ளிங்கின் வீட்டில் அதே சொல் 20 ஆண்டுகள் கிடந்தது. பெருமிதம் போய்விட்டது, சொல் மாத்திரம் கிடந்தது.

அவர் செய்தவை வேலைகள். 1917 இல் போர்க் கல்லறைகளுக்கான பேரரசு ஆணைக்குழுவிற் சேர்ந்தார். பெயர் அறியப்படாத வீரரின் நடுகல்லில் ‘இறைவன் அறிவான்’ என்னும் பொருள்பட இன்றும் பொறிக்கப்படும் தொடரைத் தந்தவர் அவரே. மகன் இருந்த ஐரிஷ் காவற்படையின் போர் வரலாற்றை ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதி, 1923 இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அதில் மகனுக்கென்று தனிப் புலம்பல் இல்லை. மற்றவர் பெயர்களோடு ஒரு பெயராக அவன் வந்துபோகிறான். பிறர் பிள்ளைகளின் கற்களுக்குச் சொல் தேடிய அவருக்குத் தன் பிள்ளையின் கல் கிட்டவில்லை. 1936 ஜனவரியில் இறந்தார். 1992 இல், பெயரறியாத ஐரிஷ் அதிகாரி ஒருவரின் கல்லறை ஜோனுடையதே என்று ஆணைக்குழு பெயர் பொறித்தது. அது சரியோ என்று ஆய்வாளர் ஐயுற்று வழக்காடினர். பின்வந்த ஆராய்ச்சி சரியென்ற பக்கம் சாய்ந்திருக்கிறது. தாய் தந்தையர் இருவரும் அப்போது இல்லை.

அந்த ஆணைக்குழுவின் கற்களை எங்கள் நாட்டிலும் காணலாம். திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியோரத்தில், இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்க்கான மயானம் ஒன்று உண்டு. தமிழ்விழா ஒன்றுக்குச் சென்றிருந்தபோது உள்ளே சென்று பார்த்தேன். ஒரே அளவான வெண்கற்கள். அதிகாரிக்கும் சாதாரண வீரனுக்கும் வேறுபாடில்லை. அடியிலே குடும்பத்தார் விரும்பிய வாசகத்தைப் பொறிக்க இடம் உண்டு. முதலாம் உலகப்போர்க் கற்களுக்கு அந்த வாசகம் 66 எழுத்தைக் கடத்தலாகாது என்று விதித்திருந்தார்கள். சொற்களுக்கிடையிலான வெளியும் எழுத்தாகவே எண்ணப்பட்டது. ஒரு தாய் அந்த 66 ஐ விரல்விட்டு எண்ணியிருப்பாள் என்று அங்கு நின்று நினைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. எங்கள் மண்ணிலும் பிள்ளைகள் போருக்குச் சென்றார்கள். விரும்பிச் சென்றவரும் உண்டு. இழுத்துச் செல்லப்பட்டவரும் உண்டு. என் வகுப்பிலும் சில இருக்கைகள் வெறுமையாயின. 2009 இல் போர் முடிந்தபின், பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, 2017 இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்தார்கள். அவர்களின் துயரத்தை ஒரு கால் வெடிப்போடும், ஆங்கிலப் புலவரோடும் வைத்து ஒப்பிட எனக்கு மனமில்லை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆண்டுகளில் மூதின்முல்லை படிப்பிக்கும்போது என் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். எதிரே இருக்கும் பிள்ளை பாட்டைக் கேட்டு எழுந்து போய்விடுமோ என்ற அச்சம்.

அப்படிக் குரல் தாழ்த்தியவன், தன் மருமகன் படையிற் சேர்ந்தான் என்றதும் என்ன செய்தேன்? ஐந்து வெண்பாப் பாடி அனுப்பினேன். புலி என்றேன், வேல் என்றேன், ஈன்ற வயிறு குளிர்ந்தது என்றேன். தளை தட்டாத வெண்பாக்கள். தங்கை அவற்றை அச்சிட்டுச் சட்டம் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டிவைத்தாள். வருபவர் எல்லாரும் வாசித்தார்கள். இப்பொழுது வருபவர் எல்லாரும், “தம்பி எப்ப முடிச்சு வாறார்?” என்று கேட்கிறார்கள். சிபாரிசு தேடும் அளவுக்கு அவள் வந்ததற்கு என் ஐந்து வெண்பாவும் ஒரு காரணம் என்பது அன்றிரவு எனக்கு விளங்கியது.

மறுநாள் நானே அழைத்தேன். கிப்ளிங்கின் கதையை முழுதும் சொன்னேன். “அந்த மனுசரிட்டைப் போகாதே. காலைப் பாக்கிற வைத்தியர் சொல்லுறதுதான் சொல்” என்றேன்.

நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, “சரி, போகேல்லை. ஆனால் நான் என்ன செய்யிறது அண்ணை?” என்றாள்.

பண்டிதனிடம் அதற்கு விடை இல்லை. மருமகனிடமே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தொலைபேசி எடுக்கலாம். கால் நோகிறதா என்றேன். கால் அவ்வளவு இல்லை என்றான். விடியற்காலையில் தன்னோடு சேர்ந்தவர்கள் யன்னலுக்கு வெளியே அணியாக நடந்துபோகும் காலடியோசைதான் பொறுக்க முடியவில்லை என்றான். அதைவிடப் பொறுக்க முடியாதது ஒன்று உண்டாம்.

“அம்மா ஒவ்வொரு கிழமையும், ‘எப்ப திரும்பச் சேர்ப்பினம்’ எண்டு கேக்கிறா மாமா. எனக்கே தெரியாது. தெரியாது எண்டு சொல்ல வெக்கமாயிருக்கு.”

இதனைத் தங்கைக்குச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாளாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் எந்த ஊர் என்று கேட்டாளாம். அவனும் கால் வெடித்தவன், மீன்பிடிகாரர் மகன், இட்டலியை மருமகன் விவரித்ததைக் கேட்டு நம்ப மறுக்கிறான் என்று ஒரு கதை வந்ததாம். அரைமணி நேரம் பேசினார்களாம். யார் கேட்டாலும், “கால் வெடிச்சு நிக்கிறான்” என்று இப்பொழுது மறைக்காமற் சொல்லிவிடுகிறாள். முதலிரண்டு முறை சொல்லத்தான் கடினமாயிருந்ததாம்.

கார்த்திகையில் வேறொரு அணியோடு அவனை மறுபடியும் நடக்கவிட்டார்கள். கால் தாங்கும் என்று மருத்துவர் சொல்கிறார். தாங்குமென்று எழுதித் தரவில்லை. வெண்பாக்களைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னேன். கழற்றி, அலுமாரிக்குள், அவனுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு மேல் வைத்திருக்கிறாளாம். இந்த ஆண்டு பாலபண்டித வகுப்பிற்கு அதே பாடம் வருகிறது. அந்த மாணவி இப்பொழுது பண்டித வகுப்பில் இருக்கிறாள்.