முதலில் வளைய வேண்டியது எது?

2015 ஜூன். ஆஸ்திரியாவின் லியோகாங் மலைச்சரிவில் உலகக் கோப்பை டவுன்ஹில் சைக்கிள் பந்தயம். அமெரிக்க வீரர் ஆரன் குவின் தொடக்க மேடையிலிருந்து பாய்ந்து பெடலை மிதித்ததுமே செயின் அறுந்துபோனது. நின்று சரிசெய்ய நேரமில்லை. வளைவுகளில் பிரேக்கைக் குறைத்து, மேடுகளில் உடம்பைத் தளர்த்தி, பள்ளங்களில் அழுத்தி, சரிவின் வேகத்தை மட்டுமே நம்பி இறங்கினார். அன்றைய பந்தயத்தில் மிகக் குறைந்த நேரத்தில் கீழே வந்து சேர்ந்தவர் அவர்தான்.

அது இறக்கம். ஏற்றத்தில் இந்த வித்தை பலிக்காது.

மலை சைக்கிளின் கதையே அந்த ஏற்றத்தில்தான் திசை திரும்பியது. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், மவுண்ட் டாமல்பைஸ் சரிவுகளில் இளைஞர்கள் உருட்டி இறங்கியவை, பல பத்தாண்டுகள் பழைய, கனத்த, ஒற்றை கியர் சைக்கிள்கள். மறுபடி மேலே போக வேண்டுமென்றால் தள்ள வேண்டும். இல்லையென்றால் வண்டியில் ஏற்ற வேண்டும். 1974இல் மில் வேலியில் நடந்த ஒரு சைக்ளோகிராஸ் பந்தயத்துக்கு கூப்பர்டினோவிலிருந்து சிலர் வந்தார்கள். அவர்களுடைய தடித்த டயர் சைக்கிள்களில் டீரெய்லர் கியர்கள் இருந்தன. சீக்கிரமே கேரி ஃபிஷர் போன்ற மரின் ஓட்டிகளும் தங்கள் சைக்கிள்களில் கியர் மாட்டிக்கொண்டார்கள். மலையிலிருந்து இறங்க மட்டுமே உதவிய வண்டி, மலை ஏறவும் தொடங்கியது.

டீரெய்லர் என்ற பிரெஞ்சு மூலச் சொல்லுக்கு ‘தடம்புரளச் செய்வது’ என்று பொருள். வேலையும் அதுதான். ஓடிக்கொண்டிருக்கும் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தள்ளிவிடும். இரண்டு சிறிய ஜாக்கி சக்கரங்களில் மேலே இருப்பது செயினுக்கு வழிகாட்டும். கீழே இருப்பது தொய்வை இழுத்துப் பிடிக்கும். இரண்டையும் தாங்கும் கூண்டு ஒரு ஸ்பிரிங்கின் பலத்தில் தொங்குகிறது. தொங்கும் இடம்தான் சிக்கல். சைக்கிளின் வலப்பக்கம், பின்சக்கரத்தின் அச்சுக்குக் கீழே, கல்லும் வேரும் கிடக்கும் தரைக்குப் பக்கத்தில், வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. வலப்பக்கம் விழுந்தால் முதல் அடி அதற்குத்தான். விழாவிட்டாலும், செயினில் சிக்கும் ஒரு குச்சி போதும். அரைச் சுற்றில் கூண்டையே முறுக்கிவிடும்.

இந்த அடியை யார் வாங்கிக்கொள்வது? பழைய இரும்பு ஃபிரேம்களில் டீரெய்லரைத் தாங்கும் காது, ஃபிரேமின் ஒரு பகுதியாகவே இருந்தது. வளைந்தால் மெக்கானிக் நிமிர்த்திவிடுவார். அலுமினிய ஃபிரேமுக்கு அது தாங்காது. வளைத்து நிமிர்த்தினால் விரிசல் விடும். கார்பனில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எனவே காதைத் தனித் துண்டாக்கி, கழற்றி மாட்டும்படி செய்தார்கள். அதுதான் ஹேங்கர். மென்மையான அலுமினியத்தில் செய்வதே, அடி பட்டால் அது வளையட்டும், டீரெய்லரும் ஃபிரேமும் பிழைக்கட்டும் என்பதற்காக. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலை இது.

இது தெரியாமல்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கீழே விழுந்த பிறகு கியர் தானாகத் தாவுகிறது, செயின் கரகரக்கிறது என்றதும் ‘டீரெய்லர் போயிற்று’ என்று முடிவுகட்டிப் புதியது வாங்குகிறார்கள். அதை வளைந்த ஹேங்கரிலேயே மாட்டுகிறார்கள். கரகரப்பு அப்படியே இருக்கிறது. ஹேங்கருக்கும் நல்ல டீரெய்லருக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தேர்ந்த மெக்கானிக் முதலில் எந்தத் திருகையும் தொட மாட்டார். சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து நின்று பார்ப்பார். பல்சக்கரம், மேல் ஜாக்கி, கீழ் ஜாக்கி மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கூண்டு சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கலாம், கூண்டும் முறுகியிருக்கலாம். எது என்று கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. டீரெய்லரைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு நீண்ட கையுள்ள அளவுக்கருவியைத் திருகுவார். அதன் நுனி ரிம்மைத் தொடும் தூரத்தில் இருக்கும். சக்கரத்தை மெல்லச் சுற்றி மேலே, கீழே, முன்னே, பின்னே என நான்கு இடங்களில் இடைவெளியைப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் வால்வு இருக்கும் இடத்தையே நுனிக்கு நேரே கொண்டுவருவார். ரிம் கோணியிருந்தாலும் அளவு ஏமாற்றாது. இடைவெளி மாறினால், அதே கருவியின் கையைப் பிடித்து ஹேங்கரை நிமிர்த்துவார்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? 12 கியர் சைக்கிளில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஹேங்கரில் கண்ணுக்குத் தெரியாத சாய்வுகூட, கீழே தொங்கும் ஜாக்கிக்கு வரும்போது பெரிதாகிவிடும். ஒருமுறை நிமிர்த்திய அலுமினியத்தைத் திரும்பத் திரும்ப நிமிர்த்தவும் கூடாது. புது ஹேங்கர் மாட்டினாலும் அளந்து பார்த்துவிடுவது நல்லது.

உள்பக்கம் வளைந்த ஹேங்கரோடு அப்படியே ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. ஏற்றம் வந்து மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றியதும் கூண்டு ஸ்போக்ஸுக்குள் நுழையும். சக்கரம் டீரெய்லரை இழுத்துச் சுருட்டும். ஸ்போக்ஸ், செயின், சமயத்தில் ஃபிரேமும் சேர்ந்து போகும். விழுந்து எழுந்தவர்கள் ஏறி உட்காரும் முன் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, எல்லா கியரையும் ஒருமுறை மாற்றிப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஹேங்கர் நேராக இருந்தும் கூண்டு முறுகியிருந்தால், பல மாடல்களில் கூண்டை மட்டும் மாற்றலாம். ஜாக்கி சக்கரங்களும் தனியே கிடைக்கும். ஆனால் கூண்டைப் பக்கவாட்டில் அசைக்கும் இணைகர இணைப்பு ஆட்டம் கண்டுவிட்டால் புது டீரெய்லர்தான். அப்போது கையில் உள்ள கியர் லீவரோடு அது பொருந்த வேண்டும். ஷிமானோ, ஸ்ராம் நிறுவனங்களின் லீவர்கள் ஒரு ‘கிளிக்’கில் இழுக்கும் கேபிளின் நீளம் வேறு வேறு. ஒரே நிறுவனத்தின் 10 கியர் லீவர்கூட 12 கியர் டீரெய்லருக்கு ஒத்துவராது. மிகப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பற்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இன்று 51, 52 வரை போகிறது. மாட்டிய பின் இரு எல்லைத் திருகுகளைச் சரிசெய்து, செயின் இருபுறமும் தாண்டி விழாதபடி அடைக்க வேண்டும். கேபிளின் இழுவிசையைச் சீராக்குவது அதற்குப் பிறகுதான்.

காட்டுக்குள் உடைந்தால்? டீரெய்லரைக் கழற்றி, செயினை வெட்டிச் சுருக்கி, நடுப் பல்சக்கரம் ஒன்றில் மாட்டி, ஒற்றை கியராக வீடு திரும்பலாம். செயின் வெட்டும் சிறு கருவியும் ஓர் இணைப்புக் கண்ணியும் பையில் இருந்தால் போதும். பின்பக்க சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் மட்டும் எச்சரிக்கை தேவை. சஸ்பென்ஷன் அமுங்கும்போது பெடல் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் பொதுவாகக் கூடும். செயினை இறுக்கமாக வெட்டியிருந்தால் அறுந்துவிடும்.

ஹேங்கரால் வந்த இன்னொரு தலைவலி அதன் வகைகள். நிறுவனத்துக்கு ஒன்று, மாடலுக்கு ஒன்று என நூற்றுக்கணக்கில் பெருகின. கடைக்காரர் எதை வாங்கி வைப்பார்? 2019இல் ஸ்ராம் நிறுவனம், எந்த ஃபிரேம் தயாரிப்பாளரும் பயன்படுத்தக்கூடிய ஒரே மாதிரி ஹேங்கரை வெளியிட்டது. அடி பட்டால் பின்னோக்கிச் சுழன்று கொடுக்கும் அமைப்பு அது. பலரும் தங்கள் ஃபிரேம்களை அதற்கேற்ப மாற்றினார்கள். 2023இல் அதே ஸ்ராம், அந்த ஹேங்கரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஃபிரேமின் இரு பக்கமும் பற்றிக்கொள்ளும் புதிய டீரெய்லரைக் கொண்டுவந்தது. வளைந்து கொடுக்க நடுவில் துண்டு ஏதும் இல்லை. பதிலாக, டீரெய்லரே அடியைத் தாங்கும், சேதமான பாகங்களைத் தனித்தனியே மாற்றலாம் என்பது கணக்கு.

ஷிமானோ அந்த வழியில் போகவில்லை. 2025இல் வந்த அதன் உயர்தர வயர்லெஸ் டீரெய்லர், அடி பட்டால் விலகிக் கொடுத்துவிட்டுத் தானே பழைய இடத்துக்குத் திரும்பும். அது இன்னும் ஹேங்கரில்தான் தொங்குகிறது.